அறவாழி அறுபது

மார்ச் 3

குணாளன் வந்தான். என்னிடம் பிஎச்டி முடித்தவன், இப்போது எங்கள் தொடர்பியல் துறையிலேயே உதவிப் பேராசிரியர். ஜூன் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன் என்ற விஷயத்தை எனக்கே புதிதாகச் சொல்வதுபோலத் தழுதழுத்துச் சொன்னான். பழைய மாணவர்கள் சேர்ந்து பாராட்டு விழா எடுக்கப்போகிறார்களாம். விழாவில் ஒரு மலர் வெளியிடப்போகிறார்களாம். தலைப்புகூட வைத்துவிட்டான்: ‘அறவாழி அறுபது.’

“இதெல்லாம் எதுக்குப்பா?” என்றேன்.

“நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும் சார்.”

வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை சொல்லவில்லை. சரி என்று விட்டுவிட்டான் என்றால் என்ன செய்வது?

அவன் போன பிறகு அலமாரியிலிருந்து என் பழைய போட்டோ ஒன்றை எடுத்துத் துடைத்தேன். தலையில் முடி இருந்த காலத்துப் படம். அட்டைக்கு ஆகும்.

வடிவு கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொல்லியிருந்தாள். மறந்துவிட்டேன்.

மார்ச் 8

அறவாழியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று குணாளன் நாற்பது பேருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறான். காலையிலிருந்து எனக்கு ஒரே போன். முதலில் பதிவாளர்.

“அறவாழி சார், உங்களப் பத்தி எழுதணும்னா ரெண்டு பக்கம் எனக்குப் பத்தாது. அதனால நீங்களே எழுதி அனுப்பிருங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்.”

அடுத்து முன்னாள் துணைவேந்தர். அதே வசனம், கூடவே இருமல். மதியத்துக்குள் பன்னிரண்டு பேர் என்னைப் பற்றி எழுதும் பெரும்பேற்றை எனக்கே தந்துவிட்டார்கள்.

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. இங்கே நடைமுறையே இதுதான். பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவனிடம் நானும் “நீயே எழுதிக்கிட்டு வாப்பா” என்றுதான் சொல்வேன். என் புத்தகங்களுக்கு வந்த அணிந்துரைகள் எல்லாம் நான் எழுதியவை. அடுத்தவர் புத்தகங்களுக்கு நான் தந்த அணிந்துரைகள் எல்லாம் அவர்கள் எழுதியவை. யார் எழுதினால் என்ன, கையெழுத்து அசல்.

மார்ச் 12

இன்று நான் ஓர் ஆலமரம், ஒரு கலங்கரை விளக்கம், ஒரு நடமாடும் நூலகம். முதுகு வலிக்கிறது.

மார்ச் 17

‘பன்முக ஆளுமை’ என்ற சொல் தீர்ந்துவிட்டது. இனி எவருக்கும் கொடுக்க முடியாது. ‘எளிமையின் சிகரம்’ மட்டும் கொஞ்சம் கையிருப்பில் இருக்கிறது.

முன்னாள் துணைவேந்தர் மறுபடியும் கூப்பிட்டார். “நம்ம காம்பவுண்டு சுவர் என் காலத்துலதான் கட்டுனது. கட்டுரையில அதையும் லேசாச் சேத்துருங்க.” நான் இல்லாத ஒரு கட்டுரையாகவே அதை முடித்துத் தந்திருக்கலாம். கடைசியில், ‘நான் எழுப்பிய சுற்றுச்சுவரைப் போல உறுதியானவர் அறவாழி’ என்று எழுதினேன். இரண்டு பேருக்கும் திருப்தி. அந்தச் சுவர் போன மழையில் மேற்குப் பக்கம் விழுந்துவிட்டது, அது வேறு விஷயம்.

சாயங்காலம் குணாளன் பூரித்துப்போய் வந்தான். “கட்டுரையெல்லாம் வர ஆரம்பிச்சிருச்சு சார். ஆச்சரியமா இருக்கு. உங்களப் பத்தி எல்லாருமே ஒரே மாதிரி நினைக்கிறாங்க!”

நல்ல பையன். உள்விவகாரம் எதுவும் தெரியாது. ஆராய்ச்சி முறையியல் அவனுக்கு நடத்தியது நான்தான், அதனால் கண்டுபிடிக்கவும் மாட்டான்.

மார்ச் 21

நாற்பது பேரில் ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. பேராசிரியர் ஜெசிந்தா. இப்போதைய துறைத்தலைவர். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அங்கே ஸ்பூனால் டீ கலக்கினால் இங்கே கேட்கும்.

நாங்கள் பேசி ஒன்பது வருடமாகிறது. தொடர்பியல் துறையில் இரண்டு பேராசிரியர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று பல்கலைக்கழகமே சிரிக்கிறது. சிரிக்கட்டும். அலுவலகக் குறிப்பு என்ற ஒன்றை எதற்காகக் கண்டுபிடித்தார்கள்? ‘மின்விசிறி ஓசை எழுப்புகிறது, ஆவன செய்யவும்’ என்று இங்கிருந்து ஒரு கோப்பு போகும். ‘எலக்ட்ரீசியனுக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று பச்சை மையில் திரும்பி வரும். வேலை நடக்கிறதே.

விஷயம் சின்னதுதான். தேசியக் கருத்தரங்கு ஒன்றில் நான் அமர்வுத் தலைவர். தலைவர் மேசையில் ஒரு மணி இருக்கும், தலையில் தட்டினால் ‘டிங்’ என்று அடிக்கும். பேசுபவருக்கு நேரம் முடிந்தது என்று அர்த்தம். அன்று ஜெசிந்தா என் கோட்பாட்டைப் பற்றித்தான் கட்டுரை வாசித்தார். பேசாமல் இருப்பதும் ஒரு செய்திதான் என்பது என் கோட்பாடு. என் ஆய்வேடு, புத்தகம், பதவி உயர்வு, பி.எஃப். கடன் போட்டுக் கட்டிய வீடு எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மௌனத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிறேன் என்பதால் மாணவர்கள் எனக்கு ‘மௌனம் சார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினார். “இதை முதல்ல சொன்னவர் யாருன்னா...” என்று ஆரம்பித்தார். நான் மணியை அடித்துவிட்டேன். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் காரணம். அவர் வாக்கியத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். அதோடு பேச்சு நின்றது.

என் கோட்பாட்டை வெளிநாட்டில் யாரோ எனக்கு முன்பே சொல்லிவிட்டார் என்று அந்தச் சமயத்தில் துறைக்குள் ஒரு பேச்சு உலவியது. வயிற்றெரிச்சல் பேச்சு. அதற்கும் மணிக்கும் சம்பந்தமில்லை.

ஏப்ரல் 2

ஜெசிந்தா மேடத்திடம் போய்க் கேட்க குணாளனுக்குப் பயம். நானே குறிப்பு அனுப்பினேன். ‘மலருக்குத் தங்கள் கட்டுரை எதிர்பார்க்கப்படுகிறது.’ சிறிது நேரத்தில் கோப்பு திரும்பி வந்தது. கீழே பச்சை மையில்: ‘தாங்களே எழுதிக்கொள்ளவும். கையெழுத்திடுகிறேன்.’

எல்லாரும் சொன்னதுதான். பதிவாளர் சொன்னபோது சிரித்தேன். இது மட்டும் ஏன் சுருக்கென்று தைக்கிறது? மற்றவர்களுக்கு என்னைப் பற்றி எழுத ஒன்றும் கிடையாது. இவருக்கு நிறைய இருக்கிறது. ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் புத்தகத்தை வரிக்கு வரி திருத்திக் கொடுத்தவர் அவர். அதன் முன்னுரையில் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், அதையும் திருத்தித்தான் கொடுத்தார்.

ஏப்ரல் 9

‘பேராசிரியர் அறவாழி ஒரு பன்முக ஆளுமை’ என்று ஜெசிந்தா பேரில் ஆரம்பித்தேன். தீர்ந்துபோன சரக்கை மறுபடி எடுத்தது தப்புதான். வடிவு எட்டிப் பார்த்து வாசித்தாள். முப்பது வருடமாக என் எழுத்தை வாசித்து முகம் சுளிக்கும் மனைவி.

“ஜெசிந்தா இப்படியாங்க பேசுவாங்க, அதுவும் உங்களப் பத்தி?”

“வேற எப்படிப் பேசுவாங்க?”

“எங்கிட்ட பேசுறப்ப வேற மாதிரில்ல பேசுவாங்க.”

எப்போது பேசினாய் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு பிளம் கேக் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்றும் நான் கேட்டதில்லை. தீபாவளி முடிந்ததும் முறுக்கு டப்பா ஒன்று காணாமல் போகும். அதையும் கேட்டதில்லை. கேக்கில் முக்கால்வாசி நான்தான் சாப்பிடுவேன். கேள்வி கேட்டு அதைக் கெடுத்துக்கொள்வானேன்?

“அன்னைக்கே தப்பா மணி அடிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்,” என்றாள்.

“பிரியாணி ஆறிக்கிட்டிருந்துச்சு வடிவு.”

“அன்னைக்கி வெள்ளிக்கிழமைங்க. வெறும் சாம்பார் சாதத்தப் போட்டுட்டானுவன்னு வந்து புலம்புனீங்க.”

இத்தனை வருடத்துக்கு முந்தைய சாம்பார் சாதத்தை நினைவில் வைத்திருக்கும் பெண்ணிடம் என்ன பேசுவது? கேஸ் புக் பண்ண எழுந்து போனேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வடை, பாயசம். உண்ட மயக்கத்தில் படுத்திருக்க வேண்டியவன் எழுத உட்கார்ந்தேன். ஜெசிந்தாவின் குரலைக் காதில் வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். பேனா தானாக ஓடியது.

‘அறவாழி என் பக்கத்து அறைக்காரர். வகுப்புக்குத் தாமதமாக வருவார், அந்தப் பாவத்தைத் தாமதமாக முடித்துக் கழுவிக்கொள்வார். சேர்ந்த வருடம் எழுதிய குறிப்புகளை வைத்தே ஓய்வு வரைக்கும் பாடம் நடத்தியவர். காகிதம் மஞ்சளாகிப் பழுப்பாகிவிட்டது, உதாரணங்கள் மாறவில்லை. இன்றும் அவர் வகுப்பில் மக்கள் தந்தி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். புகழ்ச்சி என்றால் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார், வேண்டாம் என்று மூன்று முறை சொல்வார். இந்த மலரில் உள்ள மற்ற கட்டுரைகளை நம்பாதீர்கள்.

‘ஆனால் ஒன்று. திக்குவாய்ப் பையன் ஒருவன் வாய்மொழித் தேர்வில் பேச வராமல் நின்றான். வெளியூர்த் தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அறவாழி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பையன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல, நீ பேசு” என்றார். சாப்பாட்டு நேரம் தாண்டிப்போனது. அவன் பேசி முடித்தான். அந்தப் பொறுமையை அவர் வேறு எவரிடமும் காட்டி நான் பார்த்ததில்லை. என்னிடம் நிச்சயமாக இல்லை.’

என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எழுதி முடித்ததும் அழுகை வந்தது. இங்கே பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எழுதிவிடுகிறேன். மலரும் மாலையும் எனக்கு வேண்டும்தான். அதைவிட, தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து முன்போல “என்ன அறவாழி” என்று ஒரு சத்தம் வேண்டும். ஜூன் முடிவதற்குள் வேண்டும். அதற்கப்புறம் நடுவில் தடுப்புகூட இருக்காது, ஊரே இருக்கும்.

ஏப்ரல் 20

தட்டச்சு செய்து, கோப்பில் வைத்து அனுப்பினேன். போன வேகத்தில் கையெழுத்தாகி, அங்கிருந்து நேராகக் குணாளன் கைக்குப் போய்விட்டது. வாசித்திருக்க மாட்டார். என் விடுப்பு விண்ணப்பங்களையும் இப்படித்தான் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வதா, எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மே 6

குடி முழுகியது.

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் குணாளன் குரல். எந்நாளும் கத்தாதவன் கத்தினான்.

“மேடம், இது பாராட்டு மலர். எங்க சாரை இப்படியா அசிங்கப்படுத்துவீங்க?”

“நான் என்ன அசிங்கப்படுத்தினேன்?”

“நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு நிப்பாருன்னு எழுதியிருக்கீங்க! இது உங்க கையெழுத்துதானே?”

காகிதம் கை மாறும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

வாசிக்கிறார். டீ ஆறிப்போகிற அளவுக்கு மௌனம். மௌனத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய நான் தடுப்பில் காதை வைத்தேன், அதில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. கோபமா? கேலியா? கேலண்டர் மாட்டிய ஆணி நெற்றியில் இடித்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு சிரிப்பு. மூக்கால் சிரிக்கும் அந்தப் பழைய சிரிப்பு. கேட்டு எத்தனை காலமாயிற்று.

“ஆமா, நான்தான் எழுதினேன்,” என்றார் ஜெசிந்தா. “ஒரு எழுத்து மாத்தக் கூடாது.”

“மேடம்!”

“மாத்துனா கையெழுத்த வாபஸ் வாங்கிருவேன். இன்னொண்ணு, விழாவுல இத நானே மேடையில வாசிக்கிறேன். நிகழ்ச்சி நிரல்ல சேத்துருங்க.”

அடுத்த நிமிடம் குணாளன் என் அறையில் கண் சிவந்து நின்றான். நான் எழுதியதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மற்ற முப்பத்தொன்பதும் சந்தி சிரித்துவிடும். “அவங்க எழுதுனது அப்படியே இருக்கட்டும் குணா,” என்றேன்.

“உங்களுக்குப் பெரிய மனசு சார்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். இதைப் பதிப்புரையில் சேர்க்கப்போகிறானாம். நான் எழுதாமல் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, அதுவும் தப்பான காரணத்துக்கு.

மே 7

ஏன் ‘நான்தான்’ என்று சொன்னார்? வடிவிடம் கேட்டேன். “போய் அவங்களக் கேளுங்க, பக்கத்து ரூம்தானே?” என்கிறாள். இவளுக்கு எல்லாம் சுலபம்.

ஜூன் 11

அழைப்பிதழ் வந்துவிட்டது. ‘வாழ்த்துரை: பேராசிரியர் ஜெசிந்தா’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கட்டுரையை வாசிப்பதோடு நிறுத்துவாரா? துணைவேந்தர், சிண்டிகேட் உறுப்பினர்கள், பழைய மாணவர்கள் எல்லாரும் இருப்பார்கள். பாதியில் நின்ற அந்த வாக்கியத்தை எடுத்தால்? இதை முதலில் சொன்னவர் யார் என்றால் இன்ன நாட்டுக்காரர் என்று மைக்கில் ஒரு பெயரைச் சொன்னால்? முப்பது வருட உத்தியோகம் பொன்னாடையோடு சேர்ந்து இறங்கிவிடும்.

உடம்பு சரியில்லை என்று விழாவுக்கே போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். வடிவு பட்டுப்புடவைக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டாள். இனித் தப்ப வழியில்லை.

ஜூன் 27

விழா. எனக்குப் போட்ட பொன்னாடைகளில் ஒன்று போன வருடம் நான் பதிவாளருக்குப் போட்டது. ஓரத்துக் காப்பிக் கறையை வைத்துக் கண்டுபிடித்தேன். பேசியவர்கள் எல்லாரும் நான் எழுதியதையே பேசினார்கள். முன்னாள் துணைவேந்தர் சுவரைப் பற்றி மட்டும் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டார். என் வாய் அவர்களோடு சேர்ந்து முணுமுணுக்காமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

ஜெசிந்தா எழுந்தார். கட்டுரையை வாசித்தார். நான் சிரிப்புக்காக எழுதிய இடங்களில் எல்லாம் அரங்கம் அதிர்ந்தது. நான் எழுதும்போது என் காதில் கேட்ட அதே ஏற்ற இறக்கத்தில் வாசித்தார். திக்குவாய்ப் பையன் கதைக்கு எல்லாரும் அடங்கிப்போனார்கள். அந்தப் பையனே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். ‘என்னிடம் நிச்சயமாக இல்லை’ என்று முடித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். அப்பாடா என்று சாய்ந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் மறுபடி நிமிர்ந்தேன்.

“இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருக்கு. பேசாம இருக்கிறதும் ஒரு செய்திதான்னு முதல்ல சொன்னவர் யாருன்னா...”

டிங்.

குணாளன். துணைவேந்தர் வாட்ச்சைப் பார்த்ததைப் பார்த்திருக்கிறான், குருபக்தி வேறு. நேரம் பார்க்கத் துறையிலிருந்து எடுத்து வந்து முன்னால் வைத்திருந்த மணி. அன்றைய அதே மணி, வாக்கியத்தில் அதே இடம். கையை மணியின் மேலேயே வைத்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். ஜெசிந்தா அப்படியே நின்றார். கை காகிதத்தைச் சுருட்டத் தொடங்கியது.

நான் எழுந்தேன். குணாளன் கைக்கு அடியிலிருந்து மணியைப் பிடுங்கி, என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“அவங்க பேசட்டும்ப்பா,” என்றேன். “எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பார்த்தார்.

“சொன்னவர் அறவாழி,” என்றார். “வெளிநாட்டுலயும் ஒருத்தர் இதையே சொல்லியிருக்கார், ஆனா அத இவர் படிச்சிருக்க வாய்ப்பே இல்ல. இவர் படிக்கிற ஆளா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? அதனால இது இவரோட சொந்தச் சரக்குதான். அன்னைக்கி நான் சொல்ல வந்த அடுத்த வரி என்னன்னா, அது தப்பு.”

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“பேசாம இருந்தா எந்தச் செய்தியும் போய்ச் சேராது. ஒன்பது வருஷமா பக்கத்து ரூம்ல உக்காந்து நானே பேசாம இருந்து பாத்துட்டேன். இந்த மனுஷனுக்கு ஒண்ணுமே போய்ச் சேரல.”

முப்பது வருடமாக நான் கட்டிக்காத்த கோட்பாடு துணைவேந்தர் முன்னிலையில் படுத்துவிட்டது. முதலில் கைதட்டியவன் நான்தான். மடியில் இருந்த மணி உருண்டு விழப்போனது, பிடித்துக்கொண்டேன்.

மேடையில் காலி நாற்காலி ஒன்றுதான் இருந்தது, என் பக்கத்தில். அதன் பாதியை என் பொன்னாடைகள் அடைத்துக்கொண்டிருந்தன. ஜெசிந்தா வந்து நின்றார்.

“என்ன அறவாழி,” என்றார். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

ஜூன் 28

ஞாயிற்றுக்கிழமை. பொன்னாடைகளைப் பிரித்து அடுக்கினேன். அடியில் துறையின் மணி கிடந்தது. தெரியாமல் எடுத்து வந்திருக்கிறேன், நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மதியம் ஜெசிந்தா வந்தார். வடிவு சமைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, என் கோட்பாடு ஏன் தப்பு என்று முதல் அத்தியாயத்திலிருந்து விளக்க ஆரம்பித்தார். அன்று பாதியில் விட்ட கட்டுரையை மஞ்சள் பையில் கொண்டு வந்திருந்தார். ஒரு டீ முடிந்து இரண்டாவது டீயும் ஆறியது. வெயில் தாழ்ந்தது. இன்னும் இரண்டாவது அத்தியாயத்தில்தான் இருந்தார். வடிவு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

மணி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை.